ரெப்: ஒரே சொல்லா, பல சொற்களா?

பனையோலை எழுதியது:

ஆங்கில அகராதியில் 'ரெப்' என்று தேடிப் பாருங்கள். ஒரே பதிவாக வராது. ரெப் 1, ரெப் 2, ரெப் 3 என்று எண் போட்டுத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மருந்து நிறுவனத்தின் மெடிக்கல் ரெப் ஒன்று. பளு தூக்குகிறவர் 'இன்னும் ரெண்டு ரெப்' என்று எண்ணுவது ஒன்று. ஒருவருக்கு 'ரெப் கெட்டுப்போச்சு' என்பது இன்னொன்று. நாடகக் குழுவைச் சொல்லும் ரெப் வேறு.

என் கேள்வி இதுதான். இது வலையின் கண், மயிற்பீலியின் கண் என்று நம் 'கண்' விரிந்ததுபோல ஒரே சொல் பல பொருளுக்குப் பரவியதா? அல்லது எண்ணையும் நதியையும் குறிக்கும் 'ஆறு' மாதிரி, தொடர்பில்லாத சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து சேர்ந்தனவா? ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

---

வேர்ப்பலா எழுதியது:

இரண்டாவது தான். 'ஆறு' வகை. அகராதிக்காரர்கள் எண் போட்டுப் பிரித்தது சரியே.

முழுச்சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: ரெப்ரசென்டேட்டிவ் (பிரதிநிதி), ரெப்படிஷன் (திரும்பச் செய்தல்), ரெப்யுடேஷன் (நற்பெயர்), ரெப்பர்ட்டரி (நாடகக் குழுவின் கையிருப்பு நாடகங்கள்). நான்கின் வாலையும் வெட்டினால் மிஞ்சுவது ஒரே தலை. ஆனால் நான்கும் நான்கு வேர்கள், எல்லாம் லத்தீன்.

ரெப்யுடேஷன் வருவது 'ரெபுதாரே' என்ற வினையிலிருந்து. திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் பார்ப்பது என்று பொருள். ஒருவரைப் பற்றி ஊர் போட்ட கணக்குத்தான் அவருடைய ரெப். இதன் உள்ளே இருக்கும் 'புதாரே'யின் பழைய பொருள் கொடியையும் மரத்தையும் கழித்து ஒழுங்கு செய்வது. அதிலிருந்து கணக்கைச் சீர்செய்வது, பிறகு எண்ணுவது, கருதுவது என்று வளர்ந்தது. கம்ப்யூட்டர், டிஸ்ப்யூட், உறுப்பை வெட்டி நீக்கும் ஆம்ப்யுடேஷன் எல்லாம் இதே குடும்பம். வெட்டுவதைப் பொருளாகக் கொண்ட வேரிலிருந்து வந்த சொல்லே கடைசியில் வெட்டுப்பட்டு 'ரெப்' ஆனது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ரெப்படிஷன், 'ரெபெதெரே'. உள்ளே 'பெதெரே', நாடிச் செல்வது, கோருவது. மறுபடி நாடுவது ரெப்படிஷன். பெட்டிஷன், காம்பெடிஷன் இரண்டும் இதன் உறவு.

ரெப்ரசென்டேட்டிவ், கண்முன் நிறுத்துவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து. இல்லாத ஒருவரை இருப்பவர்போல முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது.

ரெப்பர்ட்டரி, 'ரெபெரீரே', கண்டெடுப்பது. அதிலிருந்து 'ரெபெர்தோரியும்', தேடினால் கிடைக்கும்படி எழுதி வைத்த பட்டியல். ஆங்கிலத்திலும் முதலில் பட்டியல், பொருளடக்கம் என்ற அர்த்தத்தில்தான் புழங்கியது. மேடைக்குப் போனது பின்னால்.

பொதுவாக இருப்பது 'ரெ' என்ற முன்னொட்டு மட்டும். மறுபடி, திரும்ப என்ற பொருள். அதற்குப் பின்னால் வரும் 'ப்' ஒவ்வொன்றிலும் வேறு வேரின் முதலெழுத்து.

---

நடுநிசி எழுதியது:

//அதற்குப் பின்னால் வரும் 'ப்' ஒவ்வொன்றிலும் வேறு வேரின் முதலெழுத்து//

அப்படியானால் ஏன் 'ப்'பையும் சேர்த்து வெட்டினார்கள்? முன்னொட்டு 'ரெ' தானே, அங்கேயே நிறுத்தியிருக்கலாமே? புரொஃபஷனல் என்பதை 'புரோ' என்று உயிரோடு நிறுத்துகிறார்கள். ரெப்படிஷனுக்கு மட்டும் ஏன் மெய்?

---

வேர்ப்பலா எழுதியது:

நல்ல கேள்வி. வெட்டுகிறவர்கள் முன்னொட்டு எது, வேர் எது என்று பார்த்து வெட்டுவதில்லை. வாயில் நிற்கிற இடத்தில் வெட்டுகிறார்கள்.

ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற குற்றுயிர் எகரம் சொல்லின் கடைசியில் நிற்காது. பெட், பென், பெல் என்று ஒரு மெய் வந்து மூடினால்தான் நிற்கும். 'ரெ' என்று விட்டால் அந்தரத்தில் தொங்கும். அடுத்திருக்கும் 'ப்'பை இழுத்து மூடினால் ரெப். 'புரோ'வில் இருப்பது நெடில், அதற்கு மூடி வேண்டாம். அதே எழுத்துகளில் தொடங்கும் புரொஃபஸர் குற்றுயிராக ஒலித்தபோது 'ப்ராஃப்' என்று மெய்யில் முடிந்தது, பாருங்கள்.

அளபெடையைத் தவிர்த்தால் தமிழிலும் குறில் எகரம் சொல்லுக்கு ஈறாகாது. அந்த மட்டில் இரண்டு மொழிக்கும் ஒரே வழக்கம். ஆனால் நமக்கு வல்லின மெய்யும் ஈற்றில் நிற்காது. அதனால்தான் பேச்சில் ஓர் உகரம் சேர்ந்து 'மெடிக்கல் ரெப்பு' ஆகிவிடுகிறது.

இன்னொன்று. பளு தூக்கும் ரெப், 'ரிபீட்' என்ற வினையிலிருந்து வெட்டப்படவில்லை என்பதும் இதிலேயே தெரியும். அதை வெட்டியிருந்தால் 'ரிப்' அல்லது 'ரீப்' வந்திருக்க வேண்டும். எகரம் வந்ததால் அது ரெப்படிஷனின் பிள்ளை.

---

கடைக்குறை எழுதியது:

என் புனைபெயரே இந்த இழைக்காக வைத்ததுபோல இருக்கிறது.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு மூன்று பெயர் உண்டு: தலைக்குறை, இடைக்குறை, கடைக்குறை. தாமரை 'மரை' ஆனால் தலைக்குறை. ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை. நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை. ஆங்கிலத்துக்கு அப்படியே பொருத்தலாம். ஆம்னிபஸ் 'பஸ்' ஆனது தலைக்குறை. ரெப், லேப், எக்ஸாம் எல்லாம் கடைக்குறை. இன்ஃப்ளுயன்ஸா 'ஃப்ளூ' ஆனபோது இரண்டு பக்கமும் போய்விட்டது, அதற்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை.

ஒரு வேறுபாடு முக்கியம். நம் இலக்கணம் இவற்றைச் செய்யுள் விகாரம் என்று வைத்தது. ஓசைக்காகக் கவிஞருக்குக் கொடுத்த சலுகை. ஆங்கிலத்தில் இது பேச்சில் பிறந்து எழுத்துக்கு ஏறியது. நமக்கு அதற்கு ஈடு மரூஉ: அருமருந்தன்ன என்பது 'அருமந்த' ஆனதுபோல. ஆனால் மரூஉ பெரும்பாலும் சொல்லின் இரு முனையையும் காப்பாற்றி நடுவை நசுக்கும். அதனால் மூலத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கடைக்குறை வாலை முழுசாக விட்டுவிடுகிறது. ஆங்கிலச் சொற்களில் வேற்றுமை அதிகம் இருப்பது வாலில். லத்தீன் முன்னொட்டுகள் ஒரு கைப்பிடிதான். எனவே வாலை வெட்டினால் மோதல் நடந்தே தீரும்.

---

இரும்புக்கை எழுதியது:

உடற்பயிற்சிப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

ரெப் என்பது இங்கே வெறும் எண்ணிக்கை இல்லை, ஓர் அலகு. எடையை இறக்கி, மறுபடி முழுசாக ஏற்றி முடித்தால் ஒரு ரெப். பாதியில் நின்றால் கணக்கில் சேராது. கிராஸ்ஃபிட் போட்டிகளில் நடுவர் 'நோ ரெப்' என்று உரக்கச் சொல்லுவார். குந்தி எழும்போது இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே போகவில்லை என்றால் அந்த முயற்சி முழுதும் வீண், மறுபடி செய்ய வேண்டும். ரெப்களைச் சேர்த்தால் ஒரு செட்.

இந்தக் கணக்குமுறைக்கு மருத்துவப் பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், சிகாகோவிலிருந்த ராணுவ மருத்துவமனையில், முழங்காலிலும் தொடையிலும் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது வழக்கம் லேசான எடையைப் பலமுறை தூக்க வைப்பது. அது களைப்பைத் தாங்கும் சக்தியைக் கொடுக்குமே தவிர, சுருங்கிப்போன தசைக்குப் பலத்தைத் திருப்பித் தராது என்று அவர் கருதினார். எடையைக் கூட்டினார், எண்ணிக்கையைக் குறைத்தார். 1945ல் வெளியான அவருடைய கட்டுரையில்தான் 'பத்து ரெப்படிஷன் மேக்ஸிமம்' என்ற அளவு வருகிறது: ஒருவரால் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிந்து, பதினோராவது முடியாத எடை.

முதலில் பத்துப் பத்தாக ஏழு முதல் பத்து செட்வரை போன இந்த முறை, 1948ல் அவரும் வாட்கின்ஸ் என்ற மருத்துவரும் சேர்ந்து எழுதியபோது மூன்றாகக் குறைந்தது. முதல் செட்டில் அந்த எடையில் பாதி, அடுத்ததில் முக்கால், மூன்றாவதில் முழுசு. இன்று உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சொல்லும் 'மூணு செட், பத்து ரெப்' அங்கிருந்து வந்தது.

---

தாளமுத்து எழுதியது:

ரெப்படிஷனுக்கு அதற்கு முந்தைய ரெப்பும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பள்ளிகளில் மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய பாட்டும் உரைநடையும்தான் 'ரெப்'. நாளைக்கு ரெப் இருக்கிறது என்றால், நாளைக்கு எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த வழக்கம் போனதும் சொல்லும் போய்விட்டது.

---

பழந்தாள் எழுதியது:

நான்கில் மூத்தது நற்பெயர் ரெப். வயது முந்நூறைத் தாண்டுகிறது.

1710 செப்டம்பரில் 'டாட்லர்' இதழின் 230ஆம் எண்ணில் ஜோனதன் ஸ்விஃப்ட் சொல் வெட்டும் வழக்கத்தைக் கடுமையாகத் தாக்கினார். 'மாப்' என்ற சொல்லை நிறுத்தத் தன்னால் ஆனதையெல்லாம் சில வருடமாகச் செய்தும், எதிர்த்தரப்பின் எண்ணிக்கையால் தோற்றுப்போனதாக அதில் வருந்துகிறார். மாப் என்பது 'மோபிலே வுல்குஸ்' என்ற லத்தீன் தொடரின் தலை. நிலையில்லாமல் ஆடும் கூட்டம் என்று பொருள்.

அடுத்த ஆண்டு, 1711 ஆகஸ்ட் மாதம், 'ஸ்பெக்டேட்டர்' 135ஆம் எண்ணில் ஜோசப் அடிசன் நான்கு வெட்டுச் சொற்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: மாப், ரெப், பாஸ், இன்காக். பாஸ் என்றால் பாசிட்டிவ். நிச்சயமாக என்ற பொருளில் சொல்லுவார்கள். இன்காக் என்றால் மாறுவேடத்தில், அடையாளம் மறைத்து. இங்கிலாந்துக்காரர்களுக்கு அதிகம் பேசப் பிடிக்காது, அதனால் சொல்லின் முதல் அசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்கிறார். இவை ஒருநாள் மொழியின் பகுதியாகவே ஆகிவிடாது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் எழுதுகிறார். அவர் பயந்த மாப் இன்று எந்த நாளிதழிலும் தயக்கமில்லாமல் வருகிறது. ரெப் வந்துவிட்டது. பாஸும் இன்காக்கும்தான் மங்கிப்போயின.

அந்தக் காலத்து ரெப்புக்கு இன்னொரு கிளை 'டெமிரெப்'. பாதி நற்பெயர் என்று பொருள். வெளியே கண்ணியம், உள்ளே வேறு என்று சந்தேகிக்கப்பட்ட பெண்களைச் சொல்லும் வசவு. ஹென்றி ஃபீல்டிங்கின் 1749ஆம் ஆண்டு நாவலில் அந்தச் சொல்லுக்கு விளக்கமே தரப்பட்டிருக்கிறது. ஆணுக்கு இணையான சொல் புழங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சமூகம் யாருடைய பெயரை எடைபோட்டுக்கொண்டே இருந்தது என்பது இந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது.

---

நடுநிசி எழுதியது:

ஸ்விஃப்ட் கவலைப்பட்டதில் நியாயம் இல்லையா? எனக்கு இருக்கிறது என்றே படுகிறது. முழுச்சொல்லில் குழப்பம் இல்லை. வெட்டியதால்தான் இந்தக் கேள்வியே வந்தது. அமெரிக்கச் செய்திகளைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் 'ரெப்' என்று புள்ளி வைத்துப் போட்டால் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அதே மூன்றெழுத்து அட்டவணையில் கட்சிப் பத்தியில் வந்தால் ரிபப்ளிக்கன். சபை உறுப்பினராகவும் அந்தக் கட்சிக்காரராகவும் ஒருவர் இருந்தால் ஒரே வரியில் இரண்டு வந்து நிற்கும். சொல்லைச் சுருக்குவதால் யாருக்கு என்ன லாபம்?

---

கடைக்குறை எழுதியது:

//சொல்லைச் சுருக்குவதால் யாருக்கு என்ன லாபம்?//

லாபம் நேரம் மட்டும் இல்லை நண்பரே. வெட்டுச் சொல் ஒரு வட்டத்துக்குள் பிறக்கிறது. நாள் முழுக்க அதே சொல்லைச் சொல்லுகிறவர்கள்தான் அதை வெட்டுவார்கள். விற்பனைத் துறையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், நாடகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பயிற்சிக்கூடத்தில் அதற்கும் பின்னால். ஒவ்வொரு வட்டமும் தன் சொல்லைத் தனியாக வெட்டியது. இன்னொரு வட்டத்திலும் ரெப் இருக்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை, யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. பளு தூக்குகிறவரிடம் போய் 'எந்த ரெப்?' என்று யாரும் கேட்பதில்லை.

குழப்பம் வருவது வட்டத்துக்கு வெளியே நின்று அகராதியில் பார்க்கும்போது. அதற்குத்தான் எண்கள். நீங்கள் காட்டிய அமெரிக்க உதாரணமும் எழுத்துச் சுருக்கம். ரிபப்ளிக்கனை யாரும் பேச்சில் 'ரெப்' என்று வெட்டுவதில்லை. பேச்சுச் சொல்லின் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

---

நடுநிசி எழுதியது:

வட்டம் என்ற விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் எல்லா வட்டத்துக்கும் நடுவில் வாழ்கிற, மொழி புதிதாகக் கற்கிற ஒருவருக்கு இது பெரிய சுவர்தான். அந்தக் கவலையை நான் விடவில்லை.

---

அரிதாரம் எழுதியது:

நாடக ரெப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

பிரிட்டனில் இந்த இயக்கத்துக்கு உயிர் கொடுத்தவர் ஆனி ஹார்னிமன் என்ற பெண்மணி. 1904ல் டப்ளினில் ஆபி தியேட்டருக்குப் பணம் கொடுத்தார். பிறகு மான்செஸ்டரில் கெயிட்டி தியேட்டரை வாங்கி, 1908ல் அங்கே ரெப்பர்ட்டரி குழுவை நடத்தத் தொடங்கினார். 1913ல் பேரி ஜாக்சன் பர்மிங்ஹாம் ரெப்பர்ட்டரி தியேட்டரைக் கட்டினார். அந்த ஊரில் அதன் பெயரே 'தி ரெப்'. இன்றும் அப்படித்தான்.

முழுச்சொல்லின்படி ரெப்பர்ட்டரி என்றால் ஒரு குழுவின் கையில் பல நாடகங்கள் தயாராக இருக்கும், மாற்றி மாற்றி மேடையேற்றுவார்கள். வேர்ப்பலா சொன்ன 'பட்டியல்' பொருளுக்கு மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் வெட்டுப்பட்ட 'ரெப்' பிரிட்டிஷ் ஊர்களில் வேறு திசையில் போனது. அங்கே புகழ்பெற்றது 'வீக்லி ரெப்'. ஒரு வாரம் ஒரு நாடகம். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, இரவில் இந்த வார நாடகம் மேடையில், அறைக்குப் போய் அடுத்த வார வசனம் மனப்பாடம். வாரம் முடிந்ததும் அந்த நாடகம் போய்விடும், கையிருப்பில் நிற்காது. அதாவது மாற்றி மாற்றிப் போடுவது என்ற மூலப்பொருளே அதில் இல்லை. மிஞ்சியது நிலையான குழு, ஓயாத வேலை என்ற பொருள்தான். தொலைக்காட்சி வந்த பிறகு வீக்லி ரெப் தேய்ந்தது. 'நான் ரெப்பில் வளர்ந்தவன்' என்று பெருமையோடு சொல்லும் மூத்த நடிகர்கள் அந்த உழைப்பைத்தான் சொல்லுகிறார்கள்.

முழுச்சொல் ஒரு பொருளிலேயே நிற்க, வெட்டுச்சொல் தன் வழியில் நடந்துபோனதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

---

எட்டுத்துண்டு எழுதியது:

கணினியிலும் ஒரு ரெப் உண்டு. இன்டெல் 8086 என்ற செயலி, 1978. அதன் அசெம்பிளி மொழியில் 'ரெப்' என்பது ஒரு கட்டளைக்கு முன்னால் வைக்கும் முன்னொட்டு. சிஎக்ஸ் என்ற பதிவகத்தில் (செயலிக்குள் எண் வைக்கும் சிறு இடம்) எவ்வளவு எண் இருக்கிறதோ அத்தனை முறை அடுத்த கட்டளையைத் திரும்பச் செய். நினைவகத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆயிரம் பைட் நகர்த்த ஒரே வரி போதும். ஒவ்வொரு முறையும் எண்ணில் ஒன்று குறையும், பூஜ்யம் வந்தால் நிற்கும்.

இது மட்டும் 'ரிபீட்' என்ற வினையிலிருந்து எழுத்தில் வெட்டப்பட்டது. மூன்றெழுத்தாகத் தாளில் பார்த்ததும் எல்லாரும் 'ரெப்' என்றே வாசித்தார்கள். ஒலியில் வெட்டியிருந்தால் வேர்ப்பலா சொன்னபடி 'ரீப்' வந்திருக்கும்.

---

தறி எழுதியது:

துணியில் ஒரு 'ரெப்' இருக்கிறது, இது வெட்டுச்சொல்லே இல்லை. குறுக்கே மெல்லிய வரப்பு ஓடும் நெசவு. பிரெஞ்சு 'ரெப்ஸ்' என்ற சொல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. திரைச்சீலைக்கும் இருக்கை உறைக்கும் பயன்பட்டது, பின்பு கழுத்துப்பட்டைக்கு. விரலால் தடவினால் வரப்பு தட்டுப்படும், அதுதான் அடையாளம்.

இன்று 'ரெப் டை' என்றால் சாய்வுக்கோடு போட்ட டை என்று பலர் நினைக்கிறார்கள். ராணுவப் பிரிவைக் குறிக்கும் 'ரெஜிமென்ட்' என்ற சொல்லின் சுருக்கம் என்று விளக்கம் சொல்லுகிறவர்களும் உண்டு. கோட்டுக்கும் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. பெயர் நெசவுக்கு. கோடே இல்லாத ஒற்றை நிற ரெப் டையும் இருக்கிறது.

---

பனையோலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அரிதாரம் சொன்னது எனக்குப் புதிது, பிரமாதம்.

ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் இருக்கிறது. அமெரிக்க இளைஞர்கள் தங்கள் ஊரை, தங்கள் தெருவை 'ரெப்' பண்ணுகிறோம் என்று வினையாகச் சொல்லுகிறார்கள். ஹிப்ஹாப் வழியாகப் பரவியது. அதே வட்டத்தில்தான் 'ஸ்ட்ரீட் ரெப்' என்பதும். இரண்டும் ஒரே ரெப்பா?

---

வேர்ப்பலா எழுதியது:

பிறப்பில் வேறு. வினை, 'ரெப்ரசென்ட்' என்பதன் தலை; என் தெருவின் சார்பாக நான் நிற்கிறேன் என்பது அதன் உள்ளடக்கம். 'ஸ்ட்ரீட் ரெப்' ரெப்யுடேஷன். தெருவில் அவனுக்கு என்ன பெயர் என்பது.

ஆனால் இந்த ஒரு இடத்தில் நான் முதலில் சொன்னதற்கு ஒரு சேர்க்கை தேவை. மற்ற ரெப்கள் வேறு வேறு வட்டத்தில் பிறந்து ஒன்றையொன்று பார்க்காமல் வாழ்ந்தவை. இந்த இரண்டும் ஒரே வட்டத்தில், ஒரே வாயில் புழங்குகின்றன. ஒருவன் தன் தெருவின் சார்பாக நிற்கும்போது தெருவின் நற்பெயரும் அவனோடு சேர்ந்து நிற்கிறது. பேசுகிறவர் மனத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. அகராதியில் எண் தனித்தனியாக இருக்கும்; மனத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

---

எட்டுத்துண்டு எழுதியது:

இணையத்தில் கேள்வி பதில் தளங்களில் கிடைக்கும் புள்ளியும் ரெப்தான். 2008ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அதன் முழுப்பெயர் ரெப்யுடேஷன். நல்ல பதில் எழுதினால் ஏறும், மற்றவர்கள் கீழிறக்கினால் குறையும். ஊர் மனசுக்குள் போட்ட கணக்கை அங்கே திரையில் எண்ணாகவே காட்டுகிறார்கள். வேர்ப்பலா சொன்ன 'கணக்கிடுதல்' என்ற லத்தீன் பொருளுக்கு அது திரும்பிப் போய்விட்டது.

---

இரும்புக்கை எழுதியது:

காலணி சேகரிக்கிறவர்கள் 'ரெப்ஸ்' என்று சொல்லுவதைக் கேட்டிருக்கிறேன். அது எந்தக் கணக்கில் வரும்?

---

வேர்ப்பலா எழுதியது:

அது 'ரெப்ளிகா'. அசலைப்போலச் செய்த நகல். வேர் இத்தாலிய 'ரெப்ளிகாரே', லத்தீனில் மடிப்பது, திருப்பி மடிப்பது. ஆக ஐந்தாவது வேர், அதே 'ரெ', வேறு 'ப்'. காகிதத்தை மடிக்கும் 'ப்ளிகாரே' அது. டூப்ளிகேட், காம்ப்ளிகேட் எல்லாம் அதன் மடிப்புகள். இங்கும் வட்டம் தனி. நகல் காலணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை வெட்டியபோது பளு தூக்குகிறவர்களை நினைக்கவில்லை.